சாச்சா கோபித்துக்கொண்டு போன தேர்தல்

கல்முனையில் கடற்கரைப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒலிபெருக்கிச் சத்தம் முழுசாக வந்து சேர்ந்ததே இல்லை. பெரிய வீதியில் பிரசாரக் கார் போகும். பிற்பகல் கடற்காற்று அதற்கு எதிரே அடிக்கும். பேச்சாளர் மூச்சுப் பிடித்துச் சொன்ன நீண்ட வாக்கியங்களையெல்லாம் காற்று வழியிலேயே விழுங்கிவிட்டு, அவர் தொண்டை கிழியக் கத்திய கடைசிச் சொல்லை மட்டும் எங்கள் முற்றத்து மணலில் கொண்டுவந்து போடும். அந்தச் சொல் பெரும்பாலும் "துரோகி" என்பதாக இருந்தது. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கட்சி தெரியாது, கொள்கை தெரியாது, அந்தச் சொல் மட்டும் நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் பின்பகுதியில் வந்த பொதுத்தேர்தல் அது. தமிழ் பேசும் மக்களுக்குத் தனிநாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற தேர்தல் இதுதான் என்று ஒரு கட்சி அறிவித்திருந்தது. எங்கள் ஊர் முஸ்லிம்களில் அதிகம் பேர் கொழும்பில் தலைமை இருக்கிற கட்சிகளின் பக்கம் நின்றார்கள். அவை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர், "கொழும்புக் கட்சி". பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் அநேகமாக எல்லாரும் தனிநாட்டுப் பக்கம். எங்களுக்குள்ளும் தனிநாட்டுக் கட்சிக்கு ஆள் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட சிலரில் மிகச் சத்தமான ஒருவர் என்னுடைய வாப்பா.

அந்தச் சில வாரங்களில் ஊரே பட்டப்பெயர் வைக்கும் பட்டறையாகிவிட்டது. கொழும்புக் கட்சிக்காரன் "துரோகி", "வால்பிடி", "விலைபோனவன்". தனிநாட்டுக் கட்சிக்காரன் "பிரிவினைக்காரன்", கொஞ்சம் நையாண்டியாகச் சொன்னால் "தனிநாட்டு ராசா". முஸ்லிம்களைப் பார்த்து "தொப்பி பிரட்டி", அதாவது பக்கம் மாறுகிறவர்கள், என்று தனிநாட்டுக் கட்சி மேடையிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். தொப்பியோடு முன் வரிசையில் இருந்த வாப்பா எழுந்து வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பாண்டிருப்பு நாகமணி மாஸ்டர் வந்து, "மேடையில நிண்டா மனுசனுக்கு வாய் நிக்காது மாஸ்டர், மனசில வெச்சிக்காதீங்க" என்று சொல்லிக் கூட்டிப்போனார். வாப்பாவும் போய்விட்டார். அவ்வளவுதான் அவருடைய ரோஷம்.

எங்கள் வளவுக்குள்ளேயே வாப்பாவுக்கு ஓர் எதிர்க்கட்சி இருந்தது. உம்மாவின் தங்கை சுபைதா சாச்சியைக் கட்டிய உதுமான் சாச்சா. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு கிணறு. ஆகவே வாப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான், சாச்சாவும் வந்தவர்தான். வாப்பா வந்து பதினைந்து வருடமாகிவிட்டதால் அவர் அதை மறந்துபோயிருந்தார். சாச்சா வந்து ஒரு வருடம்தான். அவருடைய சொந்த ஊர் சம்மாந்துறை. அங்கே அவருடைய உம்மா வீடு பரம்பரையாகக் கொழும்புக் கட்சி.

சாச்சாவைப் பிடிக்காத பிள்ளை எங்கள் தெருவிலேயே இல்லை. நெடிய மனுசன். வயலுக்குப் போய்த் திரும்பும்போது சாரன் மடியில் எங்களுக்கு ஏதாவது இருக்கும். ஒன்றும் கிடைக்காத நாளில், "இண்டைக்கு மடி வெறும் மடி, நாளைக்கு ரெண்டாத் தாறன்" என்று கடன் சொல்லிவிட்டுப் போவார். வாப்பாவை அவர் அண்ணன் முறையில் "காக்கா" என்பார், வாப்பா அவரைத் "தம்பி" என்பார். காலையில் கிணற்றடியில் இருவரும் பல் விளக்கும்போதே தேர்தல் தொடங்கிவிடும்.

"தம்பி, தமிழில கதைக்கிறீங்க, தமிழில கனாக் காணுறீங்க. கொழும்புக்காரனுக்கு வோட்டு எதுக்கு?"

"காக்கா, நாட்ட ரெண்டாப் பிரிச்சா நம்மள எந்தப் பக்கம் போடுவாங்க எண்டு கேட்டீங்களா?"

"ரெண்டு பேருக்கும் பங்குதான்."

"பங்கு வைக்கிறவன் கையைப் பாத்துட்டுத்தான் நான் தட்ட நீட்டுவன்."

வாப்பா, "போங்கடாப்பா, துரோகியோட என்ன கதை!" என்று செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். சாச்சா சிரிப்பார். வாப்பா சொன்னால் அவர் சிரித்தார், அதைத்தான் நான் பார்த்து வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என்னுடைய திறமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் வாயாடி. பிரசாரக் கார் அறிவிப்பாளர்கள் எல்லாருடைய குரலும் எனக்கு அத்துப்படி. காற்று விழுங்கிவிட்ட வாக்கியங்களைப் பிடிப்பதற்காகப் பெரிய வீதிவரைக்கும் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வருவேன்; மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டுவேன். உம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "இவள வளத்து மேடையில ஏத்தணும்" என்பார் வாப்பா. ஏத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, ஆண்டவன் காப்பாற்றினான்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா இரண்டு சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். பாய் விரித்து, நடுவில் "சஹன்" வைத்தாயிற்று. நாலு பேரும் சுற்றியிருந்து ஒரே தாம்பாளத்தில் உண்பது எங்கள் வழக்கம். துரோகியும் தனிநாட்டு ராசாவும் ஒரே சஹனில் எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்டார்கள். வாப்பா நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துச் சாச்சாவின் பக்கம் தள்ளிவிட்டார். எல்லாருக்கும் நல்ல மனநிலை. "எங்க, நம்மட அறிவிப்பாளரக் கூப்பிடுங்க" என்று வாப்பா என்னைக் கூப்பிட்டார். நான் புனலோடு வந்து நின்றேன். அன்று காலையில் கார்க்காரர் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார்: தமிழ் மண்ணின் சோற்றைத் தின்றுவிட்டுக் கொழும்புக்கு வாலாட்டும் துரோகிகள் என்று. அதை அப்படியே ஒப்பிக்காமல், கெட்டித்தனமாக எங்கள் வளவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! இந்த வளவுக்குள்ள ஒரு துரோகி இரிக்கார்! எங்கட ஊட்டில இருந்து, எங்கட சோத்தத் திண்டு, கொழும்புக்குப் புள்ளடி போடுற துரோகி! அவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

வாப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. விருந்தாளிகள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சமையல் நடந்த குசினி வாசலில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சாச்சாவும் வாயைக் கோணிச் சிரிப்பதுபோல ஒன்று செய்தார். கையிலிருந்த கவளத்தை உண்டுவிட்டு, விரல்களைச் சுத்தமாக வழித்து, கை கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார். வயலுக்குப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். பின்னேர அஸர் ஆயிற்று, பொழுதுபட்டு மஃரிப் ஆயிற்று, சைக்கிள் வரவில்லை.

மறுநாள் காலை தெரிந்துவிட்டது. சாச்சா "உம்மா ஊட்ட பெய்ட்டார்."

மற்ற ஊர்களில் பெண்கள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதாகக் கதைகளில் படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் பெண் எங்கே போவாள், அவள் இருப்பதே தாய் வீட்டில். இங்கே கோபித்துக்கொண்டு போகிறவர் மாப்பிள்ளைதான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஊர் சிரித்துவிட்டு விடும். ஒரு கிழமை தாண்டினால் பள்ளிவாசல் மரைக்காரின் காதுக்குப் போகும்; அதற்கு மேலும் போனால் காதியார், விவாகரத்து என்று வேறு சொற்கள் வந்துவிடும். போனவர் தானாகத் திரும்பி வருவதும் வழக்கமில்லை. பெண் வீட்டு ஆம்பிளை ஒருவர் போய், உட்கார்ந்து, கேட்டு, கூட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வளவில் அப்படிப் போகக்கூடிய ஆம்பிளை வாப்பா ஒருவர்தான். சாச்சிக்கு அப்போது ஏழு மாதம்.

வாப்பா மாட்டேன் என்றுவிட்டார். வீம்பு மட்டும் காரணமில்லை. தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. இந்த நேரத்தில் அவர் சம்மாந்துறையில் ஒரு கொழும்புக் கட்சி வீட்டில் போய் இருந்தால், மாஸ்டர் விலைபோய்விட்டார் என்று பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். "தேர்தல் முடியட்டும், அடுத்த நாளே போறன்" என்றார்.

"தேர்தல் முடியுமட்டும் அவள் திண்ணாமக் கிடக்கட்டுமா?" என்றார் உம்மா. "உங்கட தனிநாட்டுல என்ர தங்கச்சிக்கு மாப்பிள்ளை வேணாமோ?"

வாப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

சாச்சி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கிணற்றடியில் சாச்சாவின் பல்பொடிப் போத்தலை எடுத்துக் கழுவுவார், திரும்ப வைப்பார், கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்க் கழுவுவார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருப்பார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒருமுறை மட்டும், "என்ன புள்ள, அப்பிடியொரு கதையக் கதைச்சிட்டாய்" என்றார். நான் அன்று புனலைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தேன். ஒரு வீட்டையே குலைத்துவிட்டேன், சாச்சியின் பிள்ளைக்கு வாப்பா இல்லாமல் போகப்போகிறது, எல்லாம் என் வாயால். வந்த மாப்பிள்ளையைப் பார்த்து "எங்கட சோறு" என்று சொல்லலாமா? பத்து வயதில் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அது கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் நாகமணி மாஸ்டர் சுவரொட்டிக் கட்டோடு வந்தார். உம்மா திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார். அவர் கட்டைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், ஒரு வோட்டுக்காகக் குடும்பத்தக் குழப்பிறதா? வெளிக்கிடுங்க."

"நம்மட ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"மாடு பாக்கப் போயிருக்கிறார் எண்டு நான் சொல்லிக்கொள்றன். நீங்க எழும்புங்க."

வாப்பா எழும்பினார். உம்மா ஓடிப்போய் முட்டையும் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் அவித்தார். "இவளையும் கூட்டிப்போங்க, செஞ்சவள் இவள்தானே" என்று என்னையும் தள்ளிவிட்டார். சம்மாந்துறை பஸ் காரைதீவு தாண்டி, மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டிப் போனது. வாப்பா மடியில் வட்டிலப்பச் சட்டியை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் யாராவது ஏறுகிறார்களா என்று ஒவ்வொரு தரிப்பிலும் எட்டிப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் ஏறியும்விட்டார். "எங்க மாஸ்டர் இந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு வாப்பா "மாடு" என்றார். அந்த ஆள் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சாச்சாவின் உம்மா வீட்டுச் சுவர் முழுக்கக் கொழும்புக் கட்சி வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்குக் கீழே போட்ட கதிரையில் வாப்பா உட்கார வேண்டியதாயிற்று. சாச்சாவின் உம்மா தேத்தண்ணி கொடுத்தார், மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. பிறகு கேட்டார்.

"மாஸ்டர், நாங்க ஒண்டும் இல்லாதவங்க இல்ல. எங்கட புள்ளைக்கும் எங்கட ஊட்டில சோறு இரிக்கி. அவனத் துரோகியெண்டு சொன்ன ஆள் ஆரு?"

வாப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். "நான்தான்" என்று அவர் சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு அழவும் தொடங்கிவிட்டேன். மூக்கு வடிய, விக்கி விக்கி, கௌரவமில்லாத அழுகை.

"யா அல்லாஹ், இந்தச் சின்னனா?" என்றார் அவர். வயலிலிருந்து அப்போதுதான் வந்த சாச்சா, முழங்கால்வரை சேற்றோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாப்பா எழுந்து நின்றார். மேடைகளில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற மனிதருக்கு அன்று வாயிலிருந்து கிளம்பியது ஒரே ஒரு பேச்சு.

"தம்பி, நீங்க கொழும்புக்கே போடுங்க. ஊட்ட வந்து இருந்து போடுங்க."

சாச்சா குனிந்து கால் சேற்றைப் பார்த்தார். பிறகு, "கால் கழுவிட்டு வாறன் காக்கா" என்றார். வட்டிலப்பத்தை அங்கேயே எல்லாருமாக முடித்தோம். என் பங்கைக் கடைசித் துண்டுவரை சாச்சாதான் எனக்கு ஊட்டினார்.

தேர்தல் அன்று வாப்பாவும் சாச்சாவும் ஒன்றாக நடந்தே போய் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வந்தார்கள். வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூட வாசலில் இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றார்கள். அந்தப் பக்கத்தார் சாச்சாவைத் துரோகி என்றார்கள், இந்தப் பக்கத்தார் வாப்பாவைத் துரோகி என்றார்கள், இரண்டு பேரும் சமமாகப் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சாச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

அதற்குப் பிறகு வந்த எண்பதுகளைப் பற்றி எழுத எனக்குக் கை வருவதில்லை. ஒலிபெருக்கியில் கத்திய சொல் கைத்துப்பாக்கி வைத்திருந்த பையன்களின் வாய்க்குப் போயிற்று. ஒரு காலையில் சந்தைக்குப் போன வாப்பா வெறும் பையோடு திரும்பி வந்தார். மின்கம்பத்தில் ஒரு மனிதனைக் கட்டி, கழுத்தில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம். அன்றிலிருந்து வாப்பா அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் சொன்னதில்லை. நாகமணி மாஸ்டர் எங்கள் தெருவுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. வா என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

இப்போதும் தேர்தல் வந்தால் கார்கள் போகின்றன. வீடுகள் மாடிமேல் மாடியாக எழும்பிவிட்டதால் காற்றுக்கு வழியில்லை; ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுகிறது, நின்று கேட்கத்தான் ஆளில்லை. கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைமாரையும் காணோம். அறைக்குள் இருந்து கைபேசியிலேயே கோபித்துக்கொள்கிறார்கள். போய்க் கூட்டிவர வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. வாப்பா மௌத்தாகிப் பல வருடம். நான் படிப்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். சுபைதா சாச்சி போன வருடம் போய்ச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் கல்யாண வீடென்றாலும் பெருநாளென்றாலும், புது ஆள் யாரைக் கண்டாலும் என்னைக் காட்டி, "இவள்ர வாயாலதான் என்ர மனுசன் என்ன உட்டுட்டுப் போனார், கவனமா இரிங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அது எனக்குக் கிடைத்த பட்டப்பெயர்.

சாச்சிக்கு நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தம் முடிந்து எல்லாரும் போனபின், சாச்சா முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ சொன்னதுக்கு நான் போகல்ல மகள்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை. நீ சின்னன், உனக்கென்ன தெரியும். காக்கா சிரிச்சார், அவர் எப்பவும் அப்பிடித்தான். நான் நிமிந்து குசினிப் பக்கம் பாத்தன். அவ சிரிச்சிக்கிட்டு நிண்டா. அந்த வளவுல எனக்கெண்டு இருந்தது அவ ஒரு ஆள்தானே."

"சாச்சிக்கு இது தெரியுமா?"

"அவக்கு எதுக்கு? தெரிஞ்சா அவ மனசு தாங்குமா? நீ சொன்னதாலதான் போனன் எண்டு நினைச்சா, நானும் அப்பிடியே உட்டுட்டன். பழிய நீ சுமந்தாய். மன்னிச்சிக்க மகள்."

கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் சொன்னதுக்குத்தான் நீங்க போனீங்க சாச்சா" என்றேன். "அப்பிடியே இரிக்கட்டும்."